யானைக்கு வேஷம் கட்டியவர்கள்

1932இல் எம்.ஜி.எம். நிறுவனம் ‘டார்ஜான் த ஏப் மேன்’ எடுத்தபோது யானைகளால் ஒரு சங்கடம் வந்தது. கதை நடப்பது ஆப்பிரிக்காவில். சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கிய யானைகளோ ஆசிய யானைகள். நம் புலவர்கள் முறச்செவி என்று பாடிய காது ஹாலிவுட்டுக்குப் போதவில்லை. செயற்கைக் காது செய்து, இருக்கிற காதோடு சேர்த்து மாட்டிவிட்டார்கள். அந்தக் காதோடு அவை டார்ஜானாக நடித்த ஜானி வைஸ்முல்லரின் கூவலுக்கு ஓடி வந்தன, ஊர் உலகமெல்லாம் கைதட்டியது. அந்தக் காலத்து ஹாலிவுட் காட்டுப் படங்களில் ஆப்பிரிக்கக் காட்டின் இரைச்சல் என்று நம் காதில் விழுவதில் பாதி, கூக்கபரா என்கிற ஆஸ்திரேலியப் பறவையின் குரல். அதுவும் ஒட்டுக் காது மாதிரிதான்.

இருபது வருஷம் கழித்து இதே கூத்து சேலத்தில் நடந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும் அமெரிக்கரான வில்லியம் பெர்க்கும் கூட்டுச் சேர்ந்து 1952இல் எடுத்த படம் ‘த ஜங்கிள்’. தமிழில் ‘காடு’. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்று அங்கிருந்து மூன்று பேர். இங்கிருந்து எம்.என். நம்பியார், நகைச்சுவைக்கும் குணச்சித்திரத்துக்கும் பேர்போன பம்பாய் டேவிட், மௌனப்பட காலத்து நட்சத்திரம் சுலோசனா. யானைக் கூட்டங்கள் மிரண்டு ஊருக்குள் புகுந்து நாசம் செய்கின்றன. காரணம் தேடிப் போகிறார்கள். காட்டுக்குள் இன்னும் சாகாமல் உலவுகிற, சடைமயிர் போர்த்திய ஆதிகால மாமத யானைகளைக் கண்டுதான் அவை மிரண்டனவாம். அந்த மாமத யானைகள் யார்? நம் ஊர் யானைகளேதான். மேலே மயிர்ப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள். பனியுகத்துக் கம்பளியை நம் வெயிலில் சுமந்த அந்த யானைகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

இன்னொரு வேடிக்கை. ‘காடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் கிளைட் டி வின்னா. இருபது வருஷத்துக்கு முன் ‘டார்ஜான் த ஏப் மேன்’ படத்தை எடுத்த இரண்டு ஒளிப்பதிவாளர்களில் ஒருவர் இவரேதான். ஒட்டுக் காது போட்ட யானையையும் கம்பளி போர்த்திய யானையையும் பார்த்தது ஒரே ஆளின் கண். ஆஸ்கர் வாங்கிய கண் அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காட்டுப் படம் என்றாலே அப்படித்தான் இருந்தது: காடு ஒரு படுதா, யானை அந்தப் படுதாவில் ஆடுகிற சாமான். எந்த ஊர்க் கதைக்கும் எந்த ஊர் யானையையும் ஒப்பனை செய்து நிறுத்திவிடலாம் என்கிற தைரியம்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1937இல், ஒரு படம் வந்தது. அதில் யானைக்குப் பெயரை மட்டும்தான் மாற்றினார்கள். உடம்பைத் தொடவில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றி.

‘எலிஃபண்ட் பாய்’ படத்தை நான் ஜீவனஹள்ளியில் என் வீட்டு மடிக்கணினியில் பார்த்தேன். ஜீவனஹள்ளி பெங்களூரின் கிழக்கே, காக்ஸ் டவுனை ஒட்டிய பேட்டை. கன்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பகுதி இது. இங்கே ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி, நடுவில் கன்னடத்தில் இறங்கி, உருதில் ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் போய் முடியும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. கீழ்வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ‘பழைய காட்டுப் படம்’ என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “டார்ஜான் படம்னா நாங்க மாட்னிக்கே போயிடுவோம் சார். முதலையோட கட்டிப் புரள்ற எடத்துல விசில்ல காது கிழியும். பாஷை யாருக்குத் தெரியும்? யாருக்கு வேணும்?” என்றார். அவருடைய பேரன், ஆறாவது படிப்பவன், எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அங்கிள், இந்த யானை ஏஐயா?”

“இல்லப்பா. நெஜ யானை. மைசூர் யானை.”

“அந்தப் பையன்?”

“அவனும் மைசூர்தான். உன் வயசுதான் இருக்கும்.”

அவன் நம்பவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் வளர்கிற காலத்தில் புலி, சிங்கம், டைனோசர் எல்லாம் கணினியில்தான் பிறக்கின்றன. ஆனாலும் அந்தப் பையன் தும்பிக்கையைப் பிடித்து ஏறி, காதுக்குப் பின்னால் காலைச் செருகிக்கொண்டு உட்காரும்போது இவன் வாய் திறந்தபடியே இருந்தது. அந்த ஏற்றத்தை யாரும் சொல்லிக் கொடுத்து நடிக்க வைக்க முடியாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து யானையோடு கிடந்த உடம்பு அது.

சாபு 1924 ஜனவரியில் மைசூர் சமஸ்தானத்துக் காராப்புரத்தில் பிறந்தவன். அப்பா மகாராஜாவின் யானைக் கொட்டடியில் மாவுத்தன். தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட, பையன் கொட்டடியிலேயே வளர்ந்தான். 1935இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி மைசூருக்கு வந்தார். ‘நானூக் ஆஃப் த நார்த்’ எடுத்தவர், ஆவணப்படக்காரர்களுக்கெல்லாம் குலகுரு மாதிரி. லண்டனில் அலெக்சாண்டர் கோர்டா பணம் போட்டார். கதைக்கு ருட்யார்டு கிப்ளிங். 1894இல் வெளிவந்த ‘த ஜங்கிள் புக்’ தொகுப்பில் மௌக்ளி கதைகளோடு இருக்கிற ‘டூமாய் ஆஃப் த எலிஃபண்ட்ஸ்’. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் யானைகளையும் ஆட்களையும் கொடுத்தார், படக்குழு தங்குவதற்குச் சித்தரஞ்சன் மகாலையே கொடுத்தார். கதாநாயகப் பையனைத் தேடிக்கொண்டிருந்தபோது, கொட்டடியில் சாபுவைக் கண்ணில் கண்டது ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பாரடெய்ல்.

யானை விஷயத்தில் தேடலுக்கே வேலையில்லை. மைசூர்க் கொட்டடியில் ஐராவதம் இருந்தது. தசரா ஊர்வலத்தில் தங்க அம்பாரி சுமந்த ஆண் யானை. படத்தில் அதற்குக் காலா நாக் என்று பெயர். அவ்வளவுதான் வேஷம்.

கிப்ளிங்கின் கதை நடப்பது அசாம் பக்கத்துக் காரோ மலைகளில். படத்தைக் கொண்டுவந்து மைசூர்ப் பக்கத்துக் கபினி ஆற்றங்கரையில் இறக்கினார்கள். இங்கே ஒரு விசித்திரமான பொருத்தம் உண்டு. கதையில் யானை பிடிக்கும் துரையாக வருகிற பீட்டர்சன் சாகிபுக்கு அச்சாக இருந்தவர் ஜி.பி. சாண்டர்சன் என்று சொல்வார்கள். அவர் முதலில் யானை பிடித்துப் பெயர் வாங்கியது மைசூர் சமஸ்தானத்தில்தான். பிறகுதான் வங்காளம், அசாம். ஆக, கதை ஊர் திரும்பியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சாண்டர்சன் கதை தனிக் கதை. நீர்ப்பாசன வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் அவர். வயலை மிதிக்கிற யானைகளைக் கூட்டத்தோடு பிடித்துவிடலாம் என்று அரசிடம் பேசி 1873இல் வேலையைத் தொடங்கினார். முதல் முயற்சி பலிக்கவில்லை. அடுத்த வருஷம் ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகள் ஒரே வளைப்பில் சிக்கின. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹைதர் அலி காக்கனகோட்டைக் காட்டில் இதே வேலையைச் செய்து பார்த்துத் தோற்றுப்போய், இனி இதற்கு முயல்கிறவன் நாசமாய்ப் போக என்று சாபம் பொறித்த கல்லை நட்டுவிட்டுப் போனதாகச் சாண்டர்சன் தம் புத்தகத்தில் எழுதுகிறார். சாபம் பலிக்கவில்லை. யானைகளுக்கு வேண்டுமானால் பலித்தது என்று சொல்லலாம்.

யானைகளைக் கூட்டத்தோடு வளைத்துப் பிடிக்கிற இந்த வேலைக்குக் கெட்டா என்று பெயர். அது எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் படத்தின் கடைசிப் பகுதியை ஒழுங்காகப் பார்க்க முடியும். காட்டில் யானைக் கூட்டம் எங்கே மேய்கிறது என்று முதலில் ஜேனு குருபர்கள் தடம் பார்ப்பார்கள். தேனெடுக்கிற குடிகள் அவர்கள். காட்டை அவர்களைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை. பிறகு நூற்றுக்கணக்கான ஆட்கள் மைல்கணக்கில் வளையம் கட்டி நிற்பார்கள். இரவெல்லாம் நெருப்பு, பகலெல்லாம் பறை. வளையம் நாளுக்கு நாள் சுருங்கும். கூட்டத்தை ஆற்றுக்குத் தள்ளி, ஆற்றைக் கடக்க வைத்து, அக்கரையில் அடிமரங்களை நட்டுக் கட்டிய பட்டிக்குள் நுழைய விட்டு, கதவை விழ வைப்பார்கள். அப்புறம்தான் கும்கிகள் என்கிற பழக்கிய யானைகள் உள்ளே போகும். மேலே மாவுத்தன் குனிந்து படுத்திருப்பான். இரண்டு கும்கி நடுவில் ஒரு காட்டு யானையை நெருக்கி நிறுத்தியதும், கீழே இறங்கிய ஒருவன் பின்னங்காலில் வடத்தைச் சுற்றுவான். அந்த ஒருவன் ஒரு நொடி தப்பினால் கதை முடிந்தது.

இதைப் பார்க்க மேடை போட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைஸ்ராய் வந்தால் கெட்டா, ஐரோப்பிய இளவரசர் வந்தால் கெட்டா. விருந்தினர்கள் மறைவான மாடத்தில் உட்கார்ந்து யானைகள் ஆற்றில் இறங்குவதைப் பார்ப்பார்கள். ஃபிளாஹர்ட்டியின் காமிரா வருவதற்கு வெகு காலம் முன்பே காக்கனகோட்டையில் காட்டு சாகசம் ஒரு காட்சியாக, சீட்டு இல்லாத சினிமாவாக நடந்துகொண்டிருந்தது. ஃபிளாஹர்ட்டி செய்தது அந்த மாடத்தில் தன் காமிராவை வைத்ததுதான். அசல் காட்டை முதன்முதலாகப் படம் பிடித்தார் என்று அவரைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவர் பிடித்தது அரசு தயாரித்து வைத்திருந்த ஒரு நிகழ்ச்சியை. எஸ்கிமோக்களைப் பற்றிய ‘நானூக்’கிலும் அவர் பல காட்சிகளை ஏற்பாடு செய்தே எடுத்தார் என்பது சினிமா படித்தவர்களுக்குத் தெரியும். அசல், போலி என்று கோடு கிழிக்கப் போனால் இந்தப் படத்தில் கோடு எங்கே விழும் என்று சொல்வது கடினம்.

ஆனாலும் ஒரு கோடு பளிச்சென்று தெரிகிறது. அது மைசூருக்கும் இங்கிலாந்தின் டென்ஹாம் ஸ்டுடியோவுக்கும் நடுவில் விழுகிற கோடு.

ஃபிளாஹர்ட்டி அவசரப்படாத மனிதர். மழைக்காலம் போகும், யானை குளிக்கும், ஆறு நிறையும், அவர் எடுத்துக்கொண்டே இருப்பார். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய படச்சுருள் சேர்ந்தது. கதை சேரவில்லை. லண்டனில் கோர்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. தம்பி ஜோல்டான் கோர்டாவை அனுப்பினார். கடைசியில் எல்லோரையும் இங்கிலாந்துக்கு வரச் சொல்லி, டென்ஹாம் ஸ்டுடியோவில் மிச்சக் கதையை எடுத்து முடித்தார்கள். டூமாயின் அப்பாவாக டபிள்யூ.இ. ஹாலவே, மச்சுவா அப்பாவாக ஆலன் ஜீயஸ். இருவருமே வெள்ளைக்காரர்கள், முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு தலைப்பாகை கட்டியவர்கள். யானைக்கு வேஷம் போடாத படத்தில் மனிதர்களுக்கு வேஷம் போட வேண்டியிருந்தது!

படம் ஓடும்போது இந்தத் தையல் எங்கெங்கே என்று நீங்களே எண்ணிவிடலாம். வெயில் சட்டென்று மாறும். மைசூர் வெயில் மேலிருந்து கொட்டுகிறது. தலைப்பாகைக்குக் கீழே கண்ணே தெரியாமல் நிழல் விழுகிறது. டென்ஹாமில் நிழல் இரண்டு பக்கமும் விழுகிறது, விளக்குகள் அப்படி. மைசூரில் மரத்தின் இலை எப்போதும் அசைந்துகொண்டிருக்கும், டென்ஹாம் காட்டில் காற்றே கிடையாது. கூடாரத்துக்கு வெளியே நெருப்பு மூட்டி நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சி வந்தாலே எங்கள் பெரியவர் “இது செட்டு” என்று சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பேச்சு மிகும் இடமெல்லாம் டென்ஹாம், பேச்சு இல்லாத இடமெல்லாம் கபினி.

கதை என்று பார்த்தால் எளிய கதை. டூமாய்க்கு வேட்டைக்காரன் ஆக ஆசை. யானை பிடிக்கும் கூட்டத்தோடு அப்பாவும் அவனும் காலா நாக்கும் போகிறார்கள். அப்பாவைப் புலி கொன்றுவிடுகிறது. துக்கத்தில் யானை வெறி கொள்கிறது. புதிதாக வந்த மாவுத்தன் அதை அடிக்க, அது அவனைத் தாக்க, சுட்டுவிட வேண்டும் என்ற பேச்சு வருகிறது. பையன் இரவோடு இரவாக யானையைக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். அங்கே மனிதர் யாரும் கண்டிராத யானை நடனத்தைக் காண்கிறான், பெரிய கூட்டத்தைக் கண்டு சொல்கிறான், எல்லோரும் அவனை மெச்சுகிறார்கள். கடைசியை யோசித்துப் பாருங்கள்: சுதந்திரமாக ஆடிய யானைகளைக் கண்ட ஒரே மனிதக் குழந்தை, அவற்றைப் பிடிக்க வழிகாட்டுகிறது. அதற்குத்தான் அந்தப் பாராட்டு. கிப்ளிங்குக்கும் கோர்டாவுக்கும் இதில் உறுத்தல் இல்லை. எனக்கு இந்தப் படத்தில் ஒட்டாத இடம் இதுதான்.

அதை விட்டுவிட்டு யானையைப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கென்றே படைத்த பிராணி யானை. ஆற்றில் அதைப் படுக்க வைத்துத் தேய்க்கிற காட்சியில் நனைந்த பாதி மையாய்க் கறுத்துப் பளபளக்கிறது, நனையாத பாதி சாம்பல். தண்ணீர்க் கோடு விலாவில் ஏறுவது தெரிகிறது. தோலின் ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் தேங்கி வழிகிறது. வண்ணப் படத்தில் கண் உடனே பச்சைக்கும் நீலத்துக்கும் போய்விடும், யானை பின்னால் நின்றுவிடும். இங்கே பார்க்க வேறு எதுவும் இல்லை. ஐராவதம் படம் முழுக்கச் செய்கிற வேலைகளைக் கவனித்தால் ஒன்று புரியும். அது நடிக்கவில்லை, வேலை செய்கிறது. மேலே இருக்கிற பையனின் கால்விரல் காதுக்குப் பின்னால் அழுந்துகிறது, அது திரும்புகிறது. அந்தக் கால்விரல்தான் படத்தின் உண்மையான வசனம். ஜான் காலியர் முதலிய மூன்று பேர் எழுதிய திரைக்கதையில் அது கிடையாது.

1937 வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநர் விருதை ஃபிளாஹர்ட்டிக்கும் ஜோல்டான் கோர்டாவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒட்டாத இரண்டு பாதிக்கு ஒரு விருது. நடுவர்கள் சமாதானப் பிரியர்கள் போலிருக்கிறது.

நம் தமிழ்ப் படக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1941இல் பகவான் இயக்கிய ‘வனமோகினி’ வந்தது. இலங்கையிலிருந்து வந்த கே. தவமணிதேவி, டோரதி லாமர் பாணியில் காட்டு உடை கட்டி நடித்த படம், எம்.கே. ராதா கதாநாயகன். பின்னாளில் இந்தியில் கொடி கட்டிய சி. ராமச்சந்திராவின் ஆரம்ப கால இசை இதில் கேட்டது. அந்தப் படத்தில் சந்துரு என்ற யானைக்கும் முக்கியமான பங்கு. தவமணிதேவியின் உடையைப் பற்றி ஊர் பேசிய பேச்சில் சந்துருவை மறந்துவிட்டார்கள். பிற்பாடு சின்னப்பா தேவர் வந்து ‘தெய்வச் செயல்’, ‘நல்ல நேரம்’ என்று யானையைக் குடும்ப உறுப்பினராக்கினார். கண்ணீர் விடுகிற, சாமி கும்பிடுகிற, வில்லனைத் துரத்துகிற யானை. காதும் மாட்டவில்லை, கம்பளியும் போர்த்தவில்லை. மனித குணத்தைப் போர்த்திவிட்டார்கள். அதுவும் வேஷம்தான், கொஞ்சம் நம்மூர் வேஷம். எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாபு இந்தியாவில் வாழத் திரும்பி வரவில்லை. 1938இல் ‘த டிரம்’, 1940இல் ‘த தீஃப் ஆஃப் பாக்தாத்’, 1942இல் மௌக்ளியாக ‘ஜங்கிள் புக்’. மூன்றுமே வண்ணப் படங்கள். ஹாலிவுட் அவனைத் தத்தெடுத்துக்கொண்டு தலைப்பாகையையும் இடுப்புத் துணியையும் கழற்றவே விடவில்லை. 1944இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். போர் விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பறந்து வீரப் பதக்கம் வாங்கினார். ‘பிளாக் நார்சிஸஸ்’ படத்தில் வாசனைத் திரவியம் பூசிய இளம் ஜெனரலாக வந்தார். 1963 டிசம்பர் 2ஆம் தேதி மாரடைப்பில் இறந்தபோது வயது 39. ஒரு இந்தியப் படத்திலும் நடிக்கவில்லை. மைசூர்க் கொட்டடியிலிருந்து போன பையன் உலகத்துக்கே இந்தியாவின் முகமாக இருந்த வருஷங்களில், இங்கே பம்பாயிலும் சென்னைக் கோடம்பாக்கத்திலும் காட்டுப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யானைக்கு வேஷம் கட்டிய ஹாலிவுட், அந்தப் பையனுக்குக் கட்டிய வேஷத்தைக் கடைசிவரை கழற்றவில்லை.

காட்டுக்கு என்ன ஆயிற்று என்பது இன்னும் சுருக்கமான கதை. 1962இல் ‘டார்ஜான் கோஸ் டு இந்தியா’ என்று ஒரு படம் இந்தியாவிலேயே எடுக்கப்பட்டு வந்தது. அணை கட்டப் போகிறார்கள், பள்ளத்தாக்கு மூழ்கப் போகிறது, அதற்குள் யானைக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும், ஆகவே டார்ஜானைக் கூப்பிடுகிறார்கள். வண்ணப் படம், சாதாரணப் படம். அது வந்து பன்னிரண்டு வருஷத்தில் கபினி அணை முடிந்தது. காக்கனகோட்டையின் பழைய காடும் கெட்டா நடந்த ஆற்றங்கரையும் நீரில் போயின. இந்த முறை டார்ஜான் வரவில்லை. கடைசி கெட்டா 1971இல் நடந்திருந்தது. 1973இல் பந்திப்பூர் புலிகள் காப்பகமானது. அணைக்காகவும் காப்பகங்களுக்காகவும் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களில், தடம் பார்த்துக் கொடுத்த அந்த ஜேனு குருபர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சாபு பிறந்த காராப்புரத்தில் இன்று சுற்றுலா விடுதிகள்.

கெட்டாவில் பிடிபட்ட யானைகளில் ஒன்றை நம்மில் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். 1968இல் காக்கனகோட்டையில் பிடிபட்ட அர்ஜுனா. 2012லிருந்து 2019வரை தசராவில் தங்க அம்பாரி சுமந்தது. ஓய்வு கொடுத்த பிறகும் கும்கி வேலைக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் ஹாசன் மாவட்டத்தில் ஒரு காட்டு யானையைப் பிடிக்கப் போன இடத்தில் அதோடு மோதி இறந்தது. ஐராவதம் சுமந்த அதே அம்பாரியைச் சுமந்து, ஐராவதம் படத்தில் செய்த அதே வேலையைச் செய்யும்போது செத்த யானை. அர்ஜுனா இறந்த செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் கன்னடக்காரர், தமிழர் என்று பேதமில்லாமல் எல்லோரும் செல்போனில் அந்தக் காணொளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. ‘எலிஃபண்ட் பாய்’ கதைப்படமாகச் சுமார், சில இடங்களில் சுமாருக்கும் கீழே. அதை எடுத்தவர்களுக்கு இருந்த நோக்கம் எதுவும் இன்று நமக்குப் பொருட்டில்லை. ஆனால் மூழ்கிப்போன ஒரு ஆற்றங்கரையும், ஒழிந்துபோன ஒரு தொழிலும், வேஷம் கட்டாத ஒரு பெரிய யானையும் அதில் ஓடுகின்றன. சினிமாவில் யானை யானையாகவே இருந்த படங்கள் அதிகமில்லை. அந்தக் காரணத்துக்காகவே இதைப் பார்க்க வேண்டும். டென்ஹாம் பகுதிகளை ஓட்டித் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் பாவமில்லை.

படச்சங்கம் நடத்துகிற பெங்களூர், மைசூர், சேலம் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தையும் ‘காடு’ படத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போடுங்கள். பிறகு முதல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கபினி ஓடுகிற எச்.டி. கோட்டைப் பக்கம் போங்கள். அங்கே ஜேனு குருபர் ஹாடிகளிலும் மாவுத்தர் குடியிருப்புகளிலும் போடுங்கள். திரையில் பெயர் இல்லாமல் வடம் பிடித்து நிற்கிற ஆட்களில் தங்கள் தாத்தா இருக்கிறாரா என்று பார்க்கும் உரிமை முதலில் அவர்களுக்குத்தான். இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் காப்புரிமை 60 ஆண்டு. 1937இல் வந்த படத்துக்கு அது தீர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.